நாகலூர் பதில் சொல்லவில்லை

கன்டெய்னர் கட்டுகிறோம் என்றதும்
கீழே ஜவ்வரிசி குடோன் வைத்திருக்கும் மாதேஸ்வரன்
"எத்தனை அடி? லாரி திரும்ப இடம் விடணுமே" என்றார்.
அறுபது கிலோபைட் என்று நான் சொல்லவில்லை.

இரண்டாயிரத்து அறுநூறு வரி.
மிஞ்சினால் அழிப்பது என்று
முதல் நாளே சுவரில் எழுதிவிட்டாள் பெனாசிர்.
ஒரு ஜார் கோப்பை வாங்கும்.
அடுத்ததன்மேல் கால் படாமல் உட்கார வைக்கும்.
செத்தால் எழுப்பும்.
அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.
அவ்வளவு மட்டும் தெரிய
எட்டு மாதம்.

மூன்று இயந்திரங்கள்.
சூரமங்கலத்தில் எங்கள் மேஜைக்கடியில் ஒன்று,
அயோத்தியாப்பட்டணத்தில் ஒன்று,
மலைமேல் நாகலூரில், காபி எடைபோடும் ஷெட்டில்
சாக்கு போர்த்திய ஒன்று.
ஐந்து நொடிக்கொரு தரம்
ஒவ்வொன்றும் "இருக்கேன்" சொல்லவேண்டும்.
மூன்று தரம் சொல்லாவிட்டால்
செத்தது என்று குறித்துக்கொண்டு
அதன் வேலை இன்னொன்றுக்குப் போகும்.
அந்த வரி என்னுடையது.
எழுதிய கையோடு ஐந்து ரோட்டுக்குப் போய்
தட்டுவடை செட் தின்றேன், இரண்டு.

டிசம்பர், பழம் பறிப்பு.
கொண்டை ஊசி வளைவொன்றில் மரம் சாய்ந்து
வயர் அறுந்தது.
பதினைந்து நொடி.
சூரமங்கலத்தில் இன்னொரு எடைச்சேவை எழுந்தது,
நான் சொல்லியபடியே, ஒரு பிழையுமில்லாமல்.
எஸ்தர் மேலிருந்து போனில் எடை சொல்லச் சொல்ல
பெனாசிர் அதில் ஏற்றினாள்.
செத்ததாக நாங்கள் குறித்துக்கொண்டதோ
பேட்டரியில், பனியில்,
மூட்டை மூட்டையாக
நிறுத்துக்கொண்டேயிருந்தது.

மறுநாள் வயர் ஒட்டியதும்
இரண்டும் தத்தம் கணக்கைக் கொட்டின.
முப்பத்தொரு கிலோ பறித்த சின்னக்கண்ணிக்கு
அறுபத்திரண்டு கிலோவுக்குக் கூலி.

எஸ்தர் போன் செய்தாள்:
"கேக்குறா. ஒண்ணைத் திருப்பித் தரணுமாம்?"
நான் வாய் திறக்குமுன்
"வேணாம்" என்றாள் பெனாசிர்.

அன்று இரவு
ஒவ்வொரு எடைச்சீட்டுக்கும் ஓர் எண் கொடுத்தோம்,
எந்த வழியில் எத்தனை முறை வந்தாலும்
ஒருமுறை மட்டும் எண்ணும்படி.
'செத்தது' என்றிருந்த இடங்களில்
'கேட்கவில்லை' என்று மாற்றினோம்.
பதினேழு இடங்கள்.

வரி மிஞ்சிவிட்டது, ஒன்பது.
சுவரிலிருந்த எண்ணை அவள் தொடவிடவில்லை.
தேடித் தேடிப் பார்த்து
தொடங்கும்போது எங்கள் இருவர் பெயரையும்
நட்சத்திரக் கட்டம் கட்டி அச்சிடும் பகுதி இருந்ததே,
அதை எடுத்தோம்.