இரண்டாவது தொடுகை

மூன்றாவது செட்டில் பதினொன்றுக்கு ஒன்பது என்றிருந்தபோது
புதுவயலில் மழை இறங்கியது.
ரைஸ்மில் கொட்டகையில் மூட்டைகளுக்கு நடுவே ஒதுங்கினோம்,
அவித்த நெல்லின் புளித்த வாடையோடு.
ஜெனரேட்டர் இரண்டு விக்கல் விக்கி நின்றது.
இருட்டில் முதல் குரல் கண்டக்டர் உடையப்பனுடையது:
"என்ன இருந்தாலும் அடைக்கலம் மாதிரி ஒரு செட்டர்
இனிமேத்தான் பொறக்கணும்."

அவ்வளவுதான்.
மழையைவிடப் பலமாகப் பிடித்துக்கொண்டது.

தேவகோட்டைக்காரர்களுக்குச் சவரிமுத்து.
முதுகுக்குப் பின்னால் பார்க்காமலே பந்தைத் தூக்குவான்;
எதிரணி ப்ளாக்கர் மூன்று பேரும்
வெறும் காற்றுக்குக் கும்பிடு போட்டு இறங்குவார்கள்.

"சவரிமுத்து வித்தை காட்டுனான்,
அடைக்கலம் வேலை பார்த்தான்" என்றார் டயர்கடை மைதீன்.
பகலில் இதே மில்லில் மூட்டை தூக்கிய விரல்கள்.
அவன் பந்தைத் தொட்ட சத்தத்தை
ஒருவரும் கேட்டதில்லையாம்.

"கோப்பை எத்தனை?"
"கோப்பை டீமுக்குய்யா."
"அப்ப எதை வெச்சுப் பேசுறே?"
"அந்தக் காலத்துப் பந்து நனைஞ்சா பூசணிக்கா,
அதைத் தூக்கிப் பாரு முதல்ல."
"அந்தக் காலத்துல எதுத்தாப்ல நின்னவனெல்லாம்
வேலிக்கல்லு, அதையும் சொல்லு."

இரண்டு பேருக்கும் அடித்தவன் வைரவன்.
வலது கை இப்போது காதுக்கு மேலே எழும்பாது.
அவனைச் சொல்லச் சொன்னார்கள்.

"சவரி குடுத்தா எல்லாரும் சவரியைப் பாப்பாங்க.
அடைக்கலம் குடுத்தா என்னையப் பாப்பாங்க."
உடையப்பன் தொடையைத் தட்டினான், "அப்புறமென்ன!"
"எனக்குச் சவரியைத்தான் பிடிக்கும்" என்றான் வைரவன்.
"அவுட் அடிச்சாலும் என்னைய யாரும் பாக்கல பாருங்க."

கடைசியில் என்னிடம் வந்தார்கள்.
"டீச்சர், நோட்டை எடுங்க."

டிரங்குப் பெட்டியில் இருபது வருஷத்து ஸ்கோர் நோட்டுகள்.
நாலைந்து செல்போன் வெளிச்சம் என் மடியில் குவிந்தது.
சர்வீஸ் போட்டவன் இருக்கிறான், அடித்தவன் இருக்கிறான்,
அடித்தவன் அடித்தவன் அடித்தவன், பக்கம் பக்கமாக.
ஏந்திக் கொடுத்தவனுக்கு அதில் கட்டமே இல்லை.
ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டவள் நான்தான்.

தப்புக்கு மட்டும் பெயர் உண்டு.
அடைக்கலம்: வலையைத் தொட்டது.
சவரிமுத்து: இரட்டைத் தொடுகை.
சவரிமுத்து: அம்பயரிடம் வாய், மஞ்சள் அட்டை.
அடைக்கலம்: நடுக்கோட்டைத் தாண்டிய கால்.

"அப்பக் கம்மியாத் தப்புப் பண்ணவந்தான் பெரியவன்"
என்றது மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒரு பொடியன்.
விளையாட்டாக எண்ண ஆரம்பித்தோம்.

ரெண்டாயிரத்து நாலு, மாசி.
ஐந்து ஆட்டம். ஜெயித்த டீம். செட்டர் ஏழாம் நம்பர்.
ஒரு வரி இல்லை.
பெயரிருந்த இடத்தில் தண்ணீர் பட்டு
ஊதாவாய் ஒரு கறை.

யார் அந்த ஏழு?

அப்போதுதான் மழையின் சத்தம் கேட்டது.
ஒருவருக்கும் முகம் வரவில்லை.
வைரவனுக்கும் வரவில்லை; அந்த டீமில் அவன் அடித்திருக்கிறான்,
இருபத்தெட்டு பாயிண்ட், என் கையெழுத்தில்.

"கண்டனூர்ப் பையனா இருக்கும்" என்றார் ஒருவர்.
"பள்ளத்தூரு. எனக்கு நல்லாத் தெரியும்."
பத்து நிமிஷத்தில் மூன்று ஊர்கள் அவனைப் பெற்றிருந்தன.
மைதீன் அவன் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டியதாகச்
சத்தியமே பண்ணிவிட்டார்.

மழை விட்டது.
சாக்குச் சாக்காக உமியைக் கொண்டுவந்து
ஈரக் களத்தில் கொட்டிக் காலால் பரத்தினார்கள்.
விளக்கு வந்தது. விசில்.

கல்லல் டீமின் மெலிந்த பையன், பெயர் கேட்கவில்லை,
ஓடிப்போய், விழப்போகிற பந்தின் கீழே விரல்களை விரித்தான்.
அது எழுந்தது.
வேறொருவன் அடித்தான். கைத்தட்டல்.

அடித்தவன் பெயரை எழுதினேன்.
பிறகு கட்டமில்லாத ஓரத்தில்
பென்சிலால் ஒரு புள்ளி.

"அது என்ன டீச்சர்?" எட்டிப் பார்த்தான் உடையப்பன்.

"உமி" என்றேன்.