வட்டத்துக்குள் சதுரம்

புதன்கிழமை. ஊசி நாள்.
நீலப் பெட்டியின் பட்டை தோளை அறுக்க
பவர்குப்பம் மூன்றாம் சந்துக்குள் நுழைகிறேன்.
நான்கு ஐஸ் பொதிகளின் நடுவே
பதினோரு குப்பிகள்.
ஒவ்வொன்றின் மேலும் ஒரு வட்டம்,
வட்டத்துக்குள் வெளுத்த சதுரம்.
சூடு பட்டால் சதுரம் மெல்லக் கறுக்கும்.
வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால்
தூக்கிப் போட வேண்டியதுதான்.
யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்,
கெட்டதைக் குப்பியே சொல்லிவிடும்.

அஞ்சலாட்சி கதவை முக்கால் சாத்திக்கொண்டு நின்றாள்.
காசிமேட்டு ஏலம் முடித்து அப்போதுதான் வந்தவள்,
புறங்கையில் காய்ந்த சங்கராச் செதில்.
"பழைய ஊசியெல்லாம் போட்டுக்கோக்கா, நான் தடுக்கல.
அந்தப் புதுசு மட்டும் வேணாம்.
அதுக்குக் கையெழுத்துப் போட்ட ஆபீசரு
ரிட்டையரான மறுமாசமே
அந்தக் கம்பெனியில போயி குந்திக்கினாராமே?"

பயிற்சிக் கையேடு எனக்கு மனப்பாடம்.
பக்கம் பதினான்கு: காய்ச்சல் வந்தால்.
பக்கம் பத்தொன்பது: ஊசி போட்டால் மலடாகும் என்பவரிடம்
சிரிக்காமல் பேசுவது எப்படி.
ஆபீசருக்குப் பக்கம் ஒதுக்கவில்லை.

வாட்ஸப்பில் வந்ததா என்றேன், கொஞ்சம் எகத்தாளமாக.
கருவாடு சுற்றி வந்த செய்தித்தாளை
தொடையில் வைத்து நீவிக் காட்டினாள்.
எண்ணெய் ஊறிய பத்தி.
'ஆலோசகர்' என்ற சொல் மட்டும் தெளிவாக இருந்தது.

எதிர்வீட்டு வாசலில் தாவூத், ஐஸ் பேக்டரி டோக்கன் போடுகிறவன்.
வாதம் முற்றும்போதெல்லாம் அவன் சூம்பிய காலைத்தான் காட்டுவேன்.
எட்டு வருடமாகக் காட்டுகிறேன்,
ஒருமுறையும் அவனைக் கேட்டதில்லை.
இன்று என் விரல் எழுந்தபோது
லுங்கியை இழுத்துக் காலை மூடிக்கொண்டான்.

"ஊசி பொய்யின்னா சொன்னேன்?" என்றாள்.
"தராசு யாருதுன்னு கேக்குறேன்.
மீன் வாங்குறவனே தராசும் எடுத்தாந்தா
மீனு எவ்ளோ நல்ல மீனா இருந்தாலும்
துறையில சண்டை வருமா, வராதா?"

பதிவேட்டைத் திறந்தேன்.
கையிலிருந்த பேனாவில் ஒரு கம்பெனியின் பெயர்.
எங்கள் சுவரில் தொங்கும் கடிகாரத்திலும் அதே பெயர்.
போன மாதப் பயிற்சியின் பிரியாணியும் அவர்கள் தந்ததுதான்,
ருசியாகத்தான் இருந்தது.
பேனாவை மூடி
பெட்டியின் அடியில் கிடந்த பென்சிலைத் தேடினேன்.

"ஆபீசரைப் பத்தி எனக்குத் தெரியாது அஞ்சலாட்சி.
இந்த ஊசியை என் பொண்ணுக்குப் போட்டிருக்கேன்.
இந்தச் சந்துல முப்பத்திரண்டு பிள்ளைங்க.
மறுநாள் ஒவ்வொரு வீடா வந்து பார்த்து
எழுதி வச்சிருக்கேன்.
நோட்டு இதோ."
வாங்கினாள். ஈர விரலால் புரட்டினாள்.
"தேவகிருபை பையனுக்கு ரெண்டு நாளு காய்ச்சல்னு கீதே?"
ஆமாம்.
"மறைக்காம எழுதிக்கீறியே."
அங்கிருந்தே தேவகிருபையைக் கூப்பிட்டு
சரிதானா என்று கேட்டாள்.
சரிதான் என்று குழாயடியிலிருந்து பதில் வந்தது.

கதவு பாதி திறந்தது.
குழந்தையின் தொடையில் பழைய ஊசி மட்டும்.
புதியதற்கு, "அடுத்த பொதன் சொல்றேன்."
பதிவேட்டில் இரண்டே கட்டங்கள்: போட்டது, மறுத்தது.
'கேட்டாள்' என்று ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.
அந்த ஓரத்தை மேலே யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

எண்ணூர் பக்கமிருந்து அனல் ஏறத் தொடங்கியிருந்தது.
குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன்.
சதுரம் இன்னும் வெளுப்புதான்.
எங்கோ குளிரூட்டிய அறையில் இருக்கும் அந்தக் கோப்பின் மேல்
இப்படி ஒன்றை ஒட்டியிருந்தால்
இந்நேரம் என்ன நிறம்?

"பொட்டிக்கு ஐஸ் பத்துமாக்கா? ஏலக்கூடையில மீந்தது கீது."
"அதைப் போடக்கூடாது, ரூல் இருக்கு."
அவள் சிரித்துவிட்டாள்.
"ரூலு உனக்கு மட்டுந்தான் போல."