ரீடிங் நோட்டின் கடைசிப் பக்கம்

ஐப்பசி மழை விட்ட ஞாயிறு, மானூர்க் குளக்கரை.
மின்வாரிய நோட்டில்
யாருடைய யூனிட்டும் இல்லாத கடைசிப் பக்கம்.

ஈரச் சரிவில் ஊரும் சிவப்பு வெல்வெட் பொட்டு:
தம்பலப்பூச்சி. சந்தேகமில்லை.

எருக்கிலையின் அடியில்
கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாய் வரிப்புழு:
வெந்தய வரியன் ஆகும்,
ஆயுசு கிடந்தால்.

வரப்பில் வாலாட்டும் பழுப்புக் குருவி
வானம்பாடியா, நெட்டைக்காலியா?
நெட்டைக்காலி என்றெழுதிக்
கேள்விக்குறி போட்டேன்.
நிமிர்ந்தால் வரப்பு மட்டும் இருந்தது.

தும்பைச் செடியருகே குந்தியிருந்த தாவூது
"குளவிக்கா" என்றான்.
"இல்லடே. குளவிக்கு நாலு றெக்கை. இது ரெண்டு.
குளவி வேஷம் கட்டுன ஈ."
"எண்ணிட்டு நிக்கதுக்குள்ள கொட்டிரும்லா!"
ஈ, என்று எழுதினேன்.

தண்ணீரோரம் எதுவோ எழும்பிக் கத்தியது.
குனிந்திருந்ததால் நிறம் பார்க்கவில்லை.
பார்க்க என்ன இருக்கிறது, ஆள்காட்டிதான்.
குளம் முழுக்கச் சொல்லிக்கொண்டே பறந்தது.
கொக்கு கழுத்தை நீட்டிற்று.
நாணலுக்குள் தவளைச் சத்தம் அறுந்தது.
கீரி ஒன்று நின்று பார்த்துவிட்டு
உடைமரத்துக்குள் போனது,
சொன்னது சரிதான் என்பதுபோல.

புத்தகம் புரட்டவில்லை,
கேள்விக்குறி போடவில்லை.
கண்ட மாத்திரத்தில்
எங்களை இன்னதென்று சொல்லிவிட்டது.

பேனா மூடியைத் தேடுகையில்
பின்னால் தாவூது "யம்மோ!" என்றான்.

உட்காரும்போது குளவி
ஒரு சிறகின்மேல் மறுசிறகை
மடித்து வைத்துக்கொள்ளும் போலும்.

ஈயை அடித்தேன்.
குளவி. எண்ணிக்கை: ஒன்று.
கொட்டிய இடம்: கட்டைவிரல், வலது.