மெட்டு மட்டும்

செவ்வாய்க்கிழமை. வேலை முடிந்து வந்து
கையில் சால்மன் வாடை போகாமல்
உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன்.
வானொலியில் அலஸ்டெர் கிரான்.
முழங்கையால் சத்தத்தைக் கூட்டினேன்.

எங்கள் லூயிஸ் தீவுக்காரன்.
என்னைவிட நாலு வயது இளையவன்.
அவன் அப்பாதான் எங்கள் ஆலயத்தில்
சங்கீதத்துக்கு முதலடி எடுத்துக் கொடுப்பவர்.
அவர் ஓர் அடியை இழுத்து வீசுவார்,
ஆளுக்கொரு வளைவாய்
நாங்கள் அதன் பின்னே போவோம்.
வாத்தியம் கிடையாது.
காற்று உண்டு, வேண்டிய மட்டும்.

ஒன்பது குளிர்காலம்
தொலைக்காட்சியில் அவன் மீட்புப் படகின் தலைவன்.
அலை எழும்போதெல்லாம்
சுக்கானை இறுக்கிக்கொண்டு
கேலிக்கில் ஒரு ஜெபம் முணுமுணுப்பான்.
லண்டன்காரர்களுக்கு அது கடலோசை.
எனக்குப் புரியும்.
பார், எங்களில் ஒருவன்
ஊரறிய நின்றும் கர்த்தரை ஒளிக்கவில்லை என்று
மீன் ஆலையில் சொல்லாத ஆள் இல்லை.
போலந்துக்காரி டோப்ரோஸ்வாவாவுக்கே
கேட்டுக் காது புளித்துவிட்டது.

டார்க்வில் பக்கவாதத்தில் விழுந்த வருஷம்
எனக்கென்று ஒரு வார்த்தையும் வராத இரவுகளில்
அந்த முணுமுணுப்பைத்தான்
கடன் வாங்கி ஜெபித்தேன்.
அவன் மூச்சு விடும் இடத்தில்
நானும் மூச்சு விட்டு.

“இன்னும் ஜெபிப்பதுண்டா?” என்றாள் பேட்டி காண்பவள்.
“இல்லை.”
ஆறிப்போன தேநீரைத்
தள்ளி வைப்பதுபோல் சொன்னான்.
“அந்த மெட்டு இல்லாமல் கஷ்டமாகத்தான் இருக்கிறது.
கேட்பவர் இல்லாதது பழகிவிட்டது.”
படகில் முணுமுணுத்தீர்களே?
சிரித்தான். எனக்குப் பிடித்த அதே சிரிப்பு.
“வசனத்தில் அது கிடையாது. நான்தான் சேர்த்தேன்.
ஓசை நன்றாக இருந்தது.”

கத்தி நழுவவில்லை, விரல் வெட்டவில்லை.
அதெல்லாம் கதைகளில்.
சீவிக்கொண்டேதான் இருந்தேன்.
கடைசியில் பார்த்தால்
உருளைக்கிழங்கு கோலிக்குண்டாகியிருந்தது.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.
ஓய்வுநாளில் பூட்டி வைத்த ஊஞ்சல்களை,
அவன் குழந்தைப் பருவத்து ஞாயிறுகளின் நீளத்தை
எண்ணி எண்ணிப் பழித்திருந்தால்
பதில் இருந்தது என்னிடம்.
பகையென்றாலும் ஏதோ ஓர் உறவு மிச்சம்.
இவன் செருப்பைக் கூட உதறவில்லை,
சத்தமில்லாமல் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

இரவு முழுக்க ஒரே கணக்கு:
நான் வாங்கியது கள்ளநோட்டென்றால்
அந்த மார்ச்சில் டார்க்வில்லின் இடது கை
போர்வைக்குள் அசைந்ததே,
அது எந்த வரவு?

சங்கீதப் புத்தகத்தில் அடையாளமாக வைத்திருந்த
அவன் கையெழுத்திட்ட படத்தை உருவினேன்.
உல்லாபூல் கப்பலில் வாங்கியது,
‘மர்டினாவுக்கு, அமைதியான கடல்’ என்று எழுதியது.
அடுப்பில் போடத்தான் எடுத்தேன்.
கோட்டுப் பையில் போட்டேன்.

ஞாயிறு.
வாசலில் எல்லோரும் மழையைப் பற்றியே பேசினோம்.
வானொலி இல்லாத வீடு
இந்த ஊரில் ஒன்றும் கிடையாது.

அவன் அப்பா எழுந்தார்.
முதலடியை வீசினார்.
மூன்றாம் அடியில் குரல் உடைந்தது.
எப்போதும் உடைகிற இடம்தான், வயது எழுபத்தொன்பது.
இருந்தும் அன்றைக்கு நாங்கள் எல்லோரும்
சற்று முன்னதாகவே உள்ளே புகுந்தோம்,
நாற்பது குரலால் அவரைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி.

பாதி அலையில் எனக்கே தெரிந்தது:
சொற்களை நான் கவனிக்கவேயில்லை.
போன வாரமும் இல்லை.
எத்தனை ஞாயிறாக என்று
எண்ணப் பயந்து பாடினேன்.

பிரசங்கம் தொடங்கியதும் வழக்கப்படி
புதினா மிட்டாய்க்குப் பையில் கைவிட்டேன்.
படத்தின் முனை நகக்கண்ணில் குத்தியது.

மிட்டாய் வாயில் முழுதாய்க் கரைந்து தீரும்வரை
கையை நான் வெளியே எடுக்கவில்லை.