கான் மண்

கிழக்கில் எங்கோ காட்டுக்குள் துளைத்தெடுத்த
முந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர் பூமி
கிராண்ட்பாஸில் ஒரு தகரக் கொட்டகைக்குள்
பெட்டி பெட்டியாய்ப் படுத்திருக்கிறது.
நான் அதை நீளவாக்கில் அறுப்பவன்.
பாதி பெட்டிக்கு, பாதி எனக்கு.
எனக்கு என்றால், அரைவைக்கும் உலைக்கும்.

பச்சைக் கறை என்றால் செம்பு.
கையில் கனத்தால் ஈயம்.
தேன் நிறம் துத்தநாகம்.
பொன் மினுங்காது. மினுங்குவதெல்லாம்
இரும்பும் கந்தகமும் போட்ட வேஷம்.
முதல் மாதம் நானும் ஏமாந்து
ஒரு துண்டைக் காற்சட்டைப் பையில் ஒளித்து
கொட்டாஞ்சேனைவரை கொண்டுபோனேன்.
மறந்துபோய்த் துவைத்ததில்
பை துருவேறி வந்தது.

'கீழ் உலோகங்கள்' என்று
அறிக்கையில் எழுதுவார் அபேகோன் ஐயா.
உலையடியில் நிற்பவனைக் கேட்க வேண்டும்.
அரைத்த கல்லோடு ஈயப்பொடி கலந்து
ஆயிரத்து நூறு பாகையில் உருக்கினால்
ஈயம் மூலை முடுக்கெல்லாம் போய்
இருக்கிற பொன்னைக் கூட்டிக்கொண்டு
அடியில் வந்து உட்காரும்.
பிறகு சாம்பல் கிண்ணம் ஈயத்தைக் குடித்துவிடும்.
மிஞ்சுவது கடுகிலும் சிறிய ஒரு மணி.
அதற்கு மட்டும் எடை, இலக்கம், பதிவேடு.

ஆறு மாதமாய் அந்த மணியும் இல்லை.
0.02.
0.01.
கண்டறியும் அளவுக்குக் கீழே.
கண்டறியும் அளவுக்குக் கீழே.
சம்பளம் பதினைந்தாம் திகதிக்குத் தள்ளிப்போனது,
பிறகு இருபத்தைந்துக்கு.

எங்கள் ஒழுங்கையில் ரோசலின் அக்கா
விடிய நாலரைக்கு எனாமல் தட்டோடு போவாள்.
செட்டியார் தெருப் பட்டறைகள் கழுவிவிட்ட தண்ணீர்
எந்தக் கானில் வேகம் தணியும்,
எந்த வளைவில் கனமானது தங்கும்,
மழைக்கு மறுநாள் எங்கே கைவைக்கக் கூடாது,
அவளுக்குத் தெரியும்.
இதையே ஐயா ஆற்றுப்படுகை என்று
மூன்று வண்ணத்தில் வரைந்து வைத்திருக்கிறார்.

"ஒங்கட மெஷின்ல போட்டுப் பாரு தம்பி.
கடைக்காரன் எடையில என்னய ஏமாத்துறானான்னு தெரியணும்."
பால்மாப் பையில் கட்டித் தந்தாள், கறுப்புச் சேறு.
தலைமயிர், வெற்றிலைச் சக்கை, ஒரு டோஃபித் தாள்.

இலக்கம் 417 காலியாயிருந்தது.
நூற்றுத் தொண்ணூறாவது மீட்டரில்
பாறை நொறுங்கி, குழாய் வெறுமையாய் ஏறிய இடம்.
அதில் போட்டேன்.

தொன்னுக்கு முப்பத்தெட்டு கிராம்.

ஐயா கதிரையை விட்டெழுந்தார்.
தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.
"எத்தனையாவது மீட்டர்?"
கன்டீன் பெடியன் தேத்தண்ணியோடு அப்படியே நின்றான்.
ஐயாவின் கை தொலைபேசிக்குப் போனது.

சொல்லத்தான் போகிறேன். ஆனால்
ஒரு நொடி பொறுத்தேன்.
அந்த நொடியில்
காட்டுக்குள் இன்னும் ஒன்பது துளைகள் இறங்கின.
பெயர் தெரியாத ஊரொன்றின் குளக்கட்டில்
முள்ளுக்கம்பி ஓடியது.
என் சம்பளம் முதலாம் திகதிக்குத் திரும்பிவந்தது.

பிறகு சொன்னேன், கான் மண் என்று.

ஐயா சிரித்தார். மேசையில் அடித்து,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துச் சிரித்தார்.
சிரித்து முடித்ததும் கதவைச் சாத்திவிட்டு,
"அந்தக் கான் எந்தப் பக்கம்?" என்றார்.

மறந்துவிட்டது என்றேன்.
இன்றும் இடைக்கிடை கேட்கிறார், விளையாட்டுப்போல.

இரவு அக்காவிடம் கணக்குச் சொன்னேன்.
ஐந்து கிலோத் தட்டு ஒன்றுக்கு
கிராமில் ஐந்தில் ஒரு பங்கு.
விரல் மடித்துப் பார்த்தாள்.
"அப்ப பாதிதான் தாறான், நாசமாப் போறவன்."
பிறகு கை நீட்டினாள்: "எடுத்தது எங்க?"

அதை நான் நினைத்திருக்கவில்லை.
அவளுடையதுதானே.

மறுநாள் உலையடி லாச்சியைத் துழாவி,
பழைய பஸ் டிக்கட்டில் ஒட்டுநாடாவால் ஒட்டி
கொண்டுவந்து கொடுத்தேன்.
ஒழுங்கை விளக்குக்கு நேரே பிடித்து,
ஒரு கண்ணைச் சுருக்கி,
வெகுநேரம் தேடினாள்.

"இதுக்காத் தம்பி
அவ்வளவு நெருப்பு?"