நாலாயிரம் பிரதிகளில் ஒரு பிழை

அவருடைய அலுவலக எண் ஏழில் முடியும்.
என் வீட்டு எண் ஒன்றில்.
மற்றபடி இரண்டும் ஒன்றுதான்.
மார்ச் மாதச் செய்திமடலுக்கு எழுத்தடிக்கையில்
விரல் பழக்கதோஷத்தில்
தன் வீட்டுக்குப் போய்விட்டது.

நாலாயிரம் பிரதிகள்.
மேய்ன் மாநிலத்தின் வடக்கு ஓரம்,
கேட்டர் மில்ஸ் தொகுதியில்
பனிக்கு மேல் தலைநீட்டும் ஒவ்வொரு தபால்பெட்டியிலும்.
முதல் பக்கத்தில்
சட்டமன்ற உறுப்பினர் நோயெல்லா திபோடோ
தீயணைப்பு வீரர்களின் காலை விருந்தில்
பான்கேக் புரட்டும் படம்.
அதன் கீழே:
எப்போது வேண்டுமானாலும் அழையுங்கள்.

அழைத்தார்கள்.

முதல் அழைப்பு விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு.
ஓரில் மிஷோ. பனி வாரும் வண்டி
மூன்றாவது வருஷமாக
அவர் தபால்பெட்டியைச் சாய்த்துவிட்டதாம்.
"ஐயா, இது அச்சகக்காரன் வீடு."
"சரி, எழுதிக்கொள்."

எழுதிக்கொண்டேன்.
வீணான தாள்களின் முதுகில்,
தேதி போட்டு.
பள்ளிக்கூடக் கூரை ஒழுகி
நாலாம் வகுப்பு வாளியோடு படிக்கிறது.
உருளைக்கிழங்கு அறுவடை விடுமுறையை
ரத்து செய்வார்களா என்று
கிசுகிசுத்த குரலில் ஒரு பையன்.
"அவருக்கு நான் ஓட்டுப் போடவில்லை,
அதையும் சொல், ஆனால்
பாலத்தைப் பற்றிப் பேசியது சரி" என்று
பெயர் சொல்லாத ஒருவர்.
பான்கேக் நடுவில் வேகவில்லை என்று
இரண்டு பேர்.

வெர்னா பெல்ட்டியே மட்டும் நான்கு முறை.
எண்ணெய் மானியப் படிவத்தில்
'குடும்பத் தலைவர்' என்றொரு கட்டம்.
"போன நவம்பரில் அவர் போய்விட்டார்.
யார் பெயரை எழுத?"
எனக்குத் தெரியவில்லை என்றேன்.
அதற்கும் நன்றி சொன்னாள்.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை
சலவை நிலையத்தில் மக்களைச் சந்திப்பார் நோயெல்லா,
உலர்த்தும் இயந்திரங்களுக்கு நடுவே
துணி மடிக்கும் மேசையில்.
ஈரமான பூட்ஸைக் கழற்றி
வெப்பக்குழாய்ப் பக்கம் சாய்த்திருந்தார்.
எதிரே காலி நாற்காலி.
அறுபத்தொரு தாள்களை வைத்துக்
குற்றத்தை ஒப்புக்கொண்டேன்.

திட்டுவார் என்று நினைத்தேன்.
கொஞ்ச நேரம் தாள்களின் ஓரத்தையே
நீவிக்கொண்டிருந்தார்.
"ஒரு மாதமாக மணியே அடிக்கவில்லை.
பாலம் தோற்றதால்
எல்லோரும் என்னைக் கைகழுவிவிட்டார்கள் என்றிருந்தேன்."

எட்டுக்கு ஐந்து. குழுவிலேயே செத்த மசோதா.
ஒற்றை வழிப் பாலம் அப்படியே கிடக்கும்,
ஆம்புலன்ஸ் பதினெட்டு மைல் சுற்றும்.
அந்தச் செய்தி மார்ச் மடலில்
மூன்றாம் பக்கத்தில் இருந்தது,
மீன்பிடி உரிமத் தேதிக்கும்
நூலக நேரத்துக்கும் இடையில்
ஒளிந்துகொண்டு.
அதை அங்கே வைத்தது அவர்தான்.
கேள்வி கேட்காமல் அடித்தது நான்.

ஓரிலை அங்கிருந்தே அழைத்தார்.
பிறகு வெர்னாவை. யாருடைய துணிகளோ
கண்ணாடிக்குப் பின்னால் உருண்டுகொண்டிருந்தன.
"உங்கள் பெயர்தான், வெர்னா.
இல்லை, அவர் பெயர் வேண்டாம். உங்கள் பெயர்."
இதை மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

ஏப்ரல் மடலின் முதல் வரி:
பாலத்துக்குப் பணம் வாங்க முடியவில்லை,
ஜனவரியில் மறுபடியும் கேட்பேன்.
படம் எதுவும் இல்லை.
கடைசியில் பிழைதிருத்தம்.
ஏழு, ஏழு, ஏழு என்று
வாய்விட்டுச் சொல்லியபடி அடித்தேன்.

இப்போது என் வீட்டில் மணி அடிப்பதில்லை,
வியாழக்கிழமை தவிர.
சரியான எண் வெர்னாவின் பனிப்பெட்டிக் கதவில்
ஒட்டியிருக்கிறது, அவளே சொன்னாள்.
அடுத்த மடலில் என்ன என்று கேட்பாள்.
சொல்லலாமா கூடாதா தெரியாது, சொல்வேன்:
கூரைக்குப் பாதித் தொகை வந்திருக்கிறது,
அறுவடை விடுமுறை உண்டு.

"பாலம்?"

"இன்னும் இல்லை."

"சரி" என்பாள். "அடுத்த வியாழன்."