இரண்டு முழத் தூரம்

கோபாலபுரம் சோதனைச் சாவடியில்
ஆலப்புழைக்கு நார்க்கட்டு ஏற்றிய என் வண்டி
பதினோராவதாக நின்றது.
டீக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.
அப்போதுதான் கேட்டது
கீச்.
ஓர் அடி விட்டு
மறுபடி கீச்.

மிதித்தால் கத்தும் செருப்பு.
ஒரு காலில் மட்டும்.
மறு கால் வெறுங்கால்.
மூன்று வயதிருக்கும், மஞ்சள் கவுன்,
கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு,
கையில் கடித்துப் பாதியான பஜ்ஜி.
லாரிச் சக்கரங்களை
ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வந்தாள்,
காற்றுப் பார்க்கும் கிளீனரைப் போல.

முன்னால் பார்த்தேன், பின்னால் பார்த்தேன்.
தேடுகிற முகம் எதுவும் இல்லை.
லாட்டரிக் கடைகளில் எல்லா முதுகும்
எண்களின் மேல் குனிந்திருந்தது.

தூக்கியிருக்கலாம்.
என் மகளை அந்த வயதில்
ஒற்றைக் கையால் கேபினுக்குள் ஏற்றியவன்தான்.
ஆனால் மாசியில்
போர்வை விற்க வந்த ஒருவனை
மின்கம்பத்தில் கட்டிவைத்த படம்
என் போனுக்கும் வந்திருந்தது.
குழந்தைக்கு மிட்டாய் கொடுத்தானாம்.
நானும் அதை நாலு பேருக்கு அனுப்பினேன்.

மூன்று நாள் தாடி, அழுக்குக் கைலி,
வேறு மாவட்டத்து நம்பர்.
என்னை நானே ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

அதனால் நடந்தேன்.
அவளுக்கு இரண்டு முழம் பின்னால்,
கைகளை முதுகில் கட்டிக்கொண்டு,
பிராகாரம் சுற்றுகிறவன் மாதிரி.
அவள் நின்றால் நின்றேன்.
பைக்காரனுக்குத் தலையாட்டி ஒதுங்கச் சொன்னேன்.
வைக்கோல் வண்டிக்காரனைக் கத்தி நிறுத்தினேன்.
"உங்க கொழந்தையா?" என்றான்.
"இல்லீங்க."
"அப்பறம் எதுக்குப் பொறகாலயே போறீங்?"
பதில் யோசிப்பதற்குள்
கீச், கீச் என்று நடுரோட்டுக்குப் போய்விட்டாள்.

தமிழ்நாடு முடிகிற இடத்தில் தாரின் நிறம் மாறும்.
அந்தக் கோட்டின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.
பஜ்ஜியைத் தரையில் வைத்தாள்.
எறும்பு வருமா என்று குனிந்தாள்.

பாலக்காட்டு பஸ் வளைவில் திரும்பியது.
என் கைகள் முதுகுப் பக்கம்தான் இருந்தன.
எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள்.
ஒரு ஹாரன் நேரம்.

எதிர்ப்பக்கத்திலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள்
கள்ளுக்கடை வாசலில் மத்தி பொரிப்பவள்.
எண்ணெய்க் கையாலேயே கவுனைக் கொத்தாகப் பிடித்து
ஆட்டுக்குட்டியைத் தூக்குவதுபோல் தூக்கினாள்.
யாரையும் கேட்கவில்லை.
தன்னையும் கேட்கவில்லை.

"ஆருடெ குட்டியா இது? மோளே, பேரெந்தா?"
லாரி வரிசையிலிருந்து யாரோ,
"பேரென்ன சாமி?"
இரண்டு கேள்விக்கும் சேர்த்துக் குழந்தை
"அம்மா" என்றது.
அந்தச் சொல்லை வைத்து
எந்தப் பக்கத்துப் பிள்ளை என்று
ஒருத்தராலும் சொல்ல முடியவில்லை.

கடைசி லாட்டரிக் கடையிலிருந்து
விற்காத சீட்டுக் கட்டோடு அம்மா ஓடி வந்தாள்.
முதலில் தொடையில் ஓர் அடி.
பிறகு கட்டிக்கொண்டு அழுகை.
பிறகு என்னைப் பார்த்தாள்.
யாராவது சொல்லியிருப்பார்கள்,
ரொம்ப நேரமாகப் பின்னாலேயே வந்தான் என்று.
"புள்ளயத் தொட்டீங்ளா?"
"இல்லீங்க. தொடவே இல்லை."

சத்தியமான பதில்.
கூட்டம் என்னை விட்டுவிட்டது.
மத்திக்காரி விடவில்லை.
கரண்டியைத் தோளில் சாய்த்து
மேலும் கீழும் பார்த்தாள்.
"தொட்டா எந்தா, கை பொள்ளிப்போகுமோ?"
அடுப்பில் மீன் கருகியது. போய்விட்டாள்.

முத்திரை விழுந்தது. வண்டி எடுத்தேன்.
வாளையாறு வெயில், குதிரான் இருட்டு,
திருச்சூரில் மழை.
கிளட்சை மிதிக்கும்போதெல்லாம்
கீச்.
திரும்பி வந்ததும் மெக்கானிக் உதயசூரியன்
"எண்ணெய் விடட்டுமாண்ணே?" என்று கேனை எடுத்தான்.
வேண்டாம் என்றேன்.